எலக்ட்ரான் ஹாலோகிராபி கத்துக்கப் போறீங்களா? சாம்பிள்ல ஆரம்பிச்சு காந்தக் கோடு வரைக்கும்

ஒரு காந்த நானோ துகளை சாதாரண டிரான்ஸ்மிஷன் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்ல வச்சுப் படம் எடுத்தீங்கன்னா அதோட உருவம் தெரியும், நல்ல மிஷினா இருந்தா அணு வரிசை கூடத் தெரியும், ஆனா அது எந்தப் பக்கமா காந்தமாகியிருக்குன்னு மட்டும் தெரியாது. காரணம் ரொம்ப சிம்பிள். கேமரா எண்ணுறது எத்தனை எலக்ட்ரான் வந்து விழுந்துச்சுன்றத மட்டும்தான். காந்தப்புலமோ மின்புலமோ எலக்ட்ரான் அலையோட உயரத்தை மாத்துறதில்ல, அலையை கொஞ்சம் முன்னாடியோ பின்னாடியோ தள்ளி விடுது, அந்தத் தள்ளலைத்தான் ஃபேஸ்னு சொல்றோம், அது படம் எடுக்கிற அந்த நொடியிலேயே தொலைஞ்சு போயிடுது. அதை மீட்டு எடுக்கிற வேலைதான் எலக்ட்ரான் ஹாலோகிராபி.

புதுசா இதுக்குள்ள வர்றவங்களுக்காக, வேலை நடக்கிற வரிசையிலேயே எழுதுறேன். ஒரு விஷயத்தை மட்டும் முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா இதுலதான் நிறைய பேரு மாசக்கணக்கா நேரத்தை விடறாங்க: கம்ப்யூட்டர்ல கலர் கலரா வளைஞ்சு வளைஞ்சு கோடு வந்துடுச்சுன்னா அது காந்தப்புலம்னு அர்த்தம் இல்ல. அதுல மின்சாரப் பங்கும் கலந்து கிடக்கும், சாம்பிளோட தடிமனும் கலந்து கிடக்கும், ரெண்டையும் பிரிச்ச பிறகு மிச்சம் இருக்கறதுதான் காந்தம். அந்தப் பிரிக்கிற வேலைக்கு மைக்ரோஸ்கோப்ல உட்கார்றதுக்கு முன்னாடியே பிளான் போட்டிருக்கணும்.

முதல்ல கொஞ்சம் கணக்கு

பயந்துடாதீங்க, ஒரு சில எண்ணுதான். மைக்ரோஸ்கோப் எலக்ட்ரானை 300 கிலோவோல்ட்ல முடுக்கி விட்டா அதோட அலைநீளம் 1.97 பிக்கோமீட்டர். சாம்பிளுக்குள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சராசரி உள் மின்னழுத்தம் இருக்கு, சிலிக்கானுக்கு சுமார் 12 வோல்ட். 300 கிலோவோல்ட்ல, ஒரு வோல்ட் மின்னழுத்தம் ஒரு நானோமீட்டர் தடிமனுக்கு 0.0065 ரேடியன் ஃபேஸ் கொடுக்கும் (ஒரு முழு அலைன்னா 2 பை ரேடியன்). அப்போ 50 நானோமீட்டர் தடிமன் இருக்கிற சிலிக்கான் துண்டு, மின்சாரம் எதுவும் வெளியில இருந்து கொடுக்காமலே, கிட்டத்தட்ட 3.9 ரேடியன் தள்ளிடும்.

காந்தம் வேற மாதிரி. அங்க ஃபேஸ் எவ்வளவுன்றத விட ஃபேஸ் எவ்வளவு சரிவா ஏறுதுன்றதுதான் முக்கியம். 1 டெஸ்லா காந்தப்புலம், 50 நானோமீட்டர் தடிமன்னா, புலத்துக்குக் குறுக்கே நகர்ற ஒவ்வொரு நானோமீட்டருக்கும் 0.076 ரேடியன் ஏறும். பீமோட திசைக்குக் குறுக்கா இருக்கிற காந்தப்புலம் மட்டும்தான் இதுல கணக்குல வரும், பீம் போற திசையிலேயே இருக்கிற புலம் சுத்தமா தெரியாது. இதை மறந்துட்டு மேல்நோக்கி காந்தமாகியிருக்கிற படலத்தைக் கொண்டு வந்து வச்சுட்டு ஒண்ணுமே தெரியலையேன்னு தேடுறவங்க உண்டு, அவங்க சாம்பிளைச் சாய்க்கணும்.

இப்போ ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. சிலிக்கான் மாதிரி 12 வோல்ட் பொருள்ல தடிமன் ஒரே ஒரு நானோமீட்டர் கூடினா 0.078 ரேடியன். மேல சொன்ன காந்தச் சரிவும் 0.076. அதாவது தடிமன் சரிவா ஏறுற இடத்துல, முக்கியமா உருண்டைத் துகளோட ஓரத்துல, மின்சாரப் பங்கு காந்தத்தை முழுங்கிடும். இரும்பு, கோபால்ட் மாதிரி உலோகங்களுக்கு உள் மின்னழுத்தம் இன்னும் அதிகம், அங்க நிலைமை இன்னும் மோசம். இந்தக் கணக்கை உங்க சாம்பிளுக்கு ஒரு பேப்பர்ல போட்டுப் பாத்துட்டு உள்ள போங்க.

ஹாலோகிராபி நிஜமாவே வேணுமா?

காந்த டொமைன் சுவர், அதாவது காந்தத் திசை மாறுற எல்லை, எங்க இருக்குன்னு மட்டும் தெரிஞ்சா போதும்னா லாரன்ட்ஸ் முறையில ஃபோகஸை கொஞ்சம் விலக்கி எடுத்தாலே போதும், சுவர் கறுப்புக் கோடாவோ வெள்ளைக் கோடாவோ தெரிஞ்சுடும். காந்தச் சுழல் மாதிரியான ஸ்கிர்மியான்களை 2010ல நேரடியா படம் பிடிச்சதும் இந்த லாரன்ட்ஸ் வழியிலதான். ஓரமே இல்லாத பெரிய படலம், வேக்யூம் பக்கத்துலயே இல்லன்னா, ஸ்கேனிங் பீமோட விலகலை அளக்கிற முறை பொருத்தமா இருக்கும். ஹாலோகிராபி எதுக்குன்னா எண்ணு வேணும்னு வரும்போது. இந்தத் துகளுக்குள்ள எவ்வளவு ஃபிளக்ஸ் (மொத்த காந்தப் பாய்வு) இருக்கு, செமிகண்டக்டர்ல ரெண்டு வகைப் பகுதி சேர்ற இந்த பி-என் ஜங்ஷன்ல எத்தனை வோல்ட் இறங்குதுன்னு அளந்து சொல்லணும்னா இதை விட நேரடியான வழி எனக்குத் தெரிஞ்சு இல்ல. ஆனாலும் முதல் அரை மணி நேரம் லாரன்ட்ஸ் படம் எடுத்து, சாம்பிள்ல காந்தம் எதாவது நடக்குதான்னு பாத்துட்டு அப்புறமா ஹாலோகிராபிக்குப் போங்க, நேரம் நிறைய மிச்சம்.

சாம்பிள்

பாதி வேலை இங்கதான். ஹாலோகிராபிக்கு ரெண்டு அலை வேணும், ஒண்ணு சாம்பிள் வழியா வர்றது, இன்னொண்ணு வெறும் வேக்யூம் வழியா வர்றது, ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்தாதான் ஹாலோகிராம். அதனால நீங்க பாக்கணும்னு நினைக்கிற இடம் ஓட்டையோட ஓரத்துல இருந்து ஒரு மைக்ரானுக்குள்ள இருக்கணும், அதுக்கு உள்ள தள்ளி இருந்தா வேக்யூம் அலை அங்க எட்டாது. துகள்னா கார்பன் படலத்தோட ஓட்டை ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருக்கிறதாப் பாத்துத் தேர்ந்தெடுங்க.

அயான் பீம்ல வெட்டி எடுக்கிற சாம்பிள்னா, 30 கிலோவோல்ட் காலியம் பீம் சிலிக்கான்ல ரெண்டு பக்கமும் 20 நானோமீட்டரை ஒட்டி அடுக்கு கெடுத்துடும், அதனால கடைசியில 5 அல்லது 2 கிலோவோல்ட்டுக்கு இறக்கி மெதுவா துடைச்சு எடுங்க. செமிகண்டக்டர்ல இது ரொம்பவே முக்கியம், கெட்டுப் போன அடுக்கு மின்சாரமே காட்டாது, நீங்க அளக்கிற வோல்ட் குறைஞ்சு வரும், அப்புறம் தியரி தப்புன்னு தோணும். அதனாலதான் ஜங்ஷன் சாம்பிளை 200 நானோமீட்டருக்கு மேலயே வச்சுக்கறாங்க, கெட்ட அடுக்கோட பங்கு குறையட்டும்னு. காந்த சாம்பிள் 100க்குள்ள இருந்தா வசதி.

இன்னொண்ணு, இதை லேசா எடுத்துக்காதீங்க. காந்தப் பொடியை கிரிட்ல (சாம்பிளைத் தாங்குற சின்ன வலைத் தட்டு) தூவிட்டு அப்படியே மைக்ரோஸ்கோப்புக்குள்ள விடாதீங்க. சாதாரண மோடுல சாம்பிளைச் சுத்தி இருக்கிற ஆப்ஜெக்டிவ் லென்ஸோட புலம் 2 டெஸ்லா அளவுல இருக்கும், சரியா ஒட்டாத துகள் பிச்சுக்கிட்டுப் போய் லென்ஸோட முனையில ஒட்டிக்கும், அதை எடுக்கணும்னா மிஷினையே பிரிக்கணும். மேல மெல்லிசா கார்பன் பூசுங்க, ஒரு வலுவான காந்தத்தைக் கிரிட் பக்கத்துல காட்டி எதாவது உதிருதான்னு பாருங்க, மைக்ரோஸ்கோப் பொறுப்புல இருக்கறவங்க கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. கார்பன் பூச்சு இன்னொரு விதத்துலயும் உதவும், சாம்பிள் பீம் பட்டு சார்ஜ் ஆகாது.

கடைசியா, கிரிட்ல ஒரு அடையாளம் வைங்க. ஓரத்துல சின்னதா ஒரு வெட்டு. எந்தப் பக்கம் மேல இருந்துச்சுன்னு பின்னாடி தெரியணும், ஏன்னு கீழ சொல்றேன்.

மைக்ரோஸ்கோப்பைத் தயார் பண்றது

ஆப்ஜெக்டிவ் லென்ஸை அணைச்சுட்டுத்தான் சாம்பிளை உள்ள விடணும். அந்த 2 டெஸ்லா ஒரு தடவை பட்டுச்சுன்னா சாம்பிள்ல இருந்த இயல்பான காந்த நிலை அழிஞ்சுடும், அப்புறம் நீங்க பாக்கறது லென்ஸ் பண்ணி வச்ச நிலை. லென்ஸை அணைச்ச பிறகும் முனையில கொஞ்சம் புலம் மிச்சம் இருக்கும், அதைக் குறைக்க ஒவ்வொரு லேப்லயும் ஒரு வழக்கம் வச்சிருப்பாங்க, கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க. அணைச்ச உடனே வேலையை ஆரம்பிக்காதீங்க, லென்ஸ் சூடு நிலைக்கு வர்ற வரைக்கும் படம் நகர்ந்துக்கிட்டே இருக்கும். படம் காட்டுற பொறுப்பை, கீழ தள்ளி இருக்கிற லாரன்ட்ஸ் லென்ஸ்னு இன்னொரு லென்ஸ் எடுத்துக்கும், ரெசல்யூஷன் குறையும், அதுக்குத் தயாரா இருங்க.

பீம் ஒத்திசைவா இருக்கணும், அதாவது அலைகள் எல்லாம் ஒரே தாளத்துல வரணும், கூர் முனையில இருந்து எலக்ட்ரானை இழுக்கிற ஃபீல்டு எமிஷன் கன் இல்லாம இந்த வேலை நடக்காது. ஹாலோகிராபின்ற யோசனையை டென்னிஸ் கேபர் 1948லயே எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புக்காகத்தான் கொண்டு வந்தாரு, 1971ல நோபல் பரிசும் வாங்கினாரு, ஆனா எலக்ட்ரான்ல அது நிஜமா கைகூடறதுக்கு ஜெர்மனியில டூபிங்கன்ல மோலன்ஸ்டெட்டும் டூக்கரும் 1950கள்ல பண்ண பைபிரிசமும் (பீமை ரெண்டாப் பிரிச்சுச் சேர்க்கிற கம்பி, கீழ சொல்றேன்), அப்புறம் ஜப்பான்ல அகிரா டோனோமுரா குழு 1970கள் கடைசியில கொண்டு வந்த ஃபீல்டு எமிஷன் பீமும் வேண்டியிருந்துச்சு. அதே டோனோமுராதான் 1986ல ஒரு காந்த வளையத்தைச் சுத்தி நியோபியம் சூப்பர்கண்டக்டர் பூசி, புலம் வெளியே கசியவே முடியாதபடி அடைச்சு வச்சுட்டு, அப்பவும் எலக்ட்ரானோட ஃபேஸ் மாறுதுன்னு காட்டினாரு. புலமே தொடாத எலக்ட்ரான் கூட காந்தத்தை உணருது, இதை முதல் தடவை படிச்சப்போ ஏற்பட்ட சிலிர்ப்பு எனக்கு இன்னும் போகல.

பீமோட வடிவத்தை மாத்துற கண்டென்சர் ஸ்டிக்மேட்டரை வச்சு பீமை வட்டமா இல்லாம நீளமா இழுத்து விடுங்க, நீளப் பக்கம் பைபிரிசம் கம்பிக்குச் செங்குத்தா இருக்கணும். அந்தத் திசையிலதான் ஒத்திசைவு தேவை, இன்னொரு திசையில வெளிச்சம் சேர்ந்திருந்தா நல்லது.

பைபிரிசமும் வரிகளும்

பைபிரிசம்னா ஒரு மைக்ரானை விட மெல்லிசான ஒரு கம்பி, உலோகம் பூசினது, அவ்வளவுதான். அதுல பாசிட்டிவ் வோல்ட் கொடுத்தா ரெண்டு பக்கமும் போற எலக்ட்ரான்களை உள்பக்கமா இழுத்து, சாம்பிள் வழியா வந்ததையும் வேக்யூம் வழியா வந்ததையும் ஒண்ணு மேல ஒண்ணு விழ வைக்கும். அங்க மெல்லிசா கோடு கோடா வரிகள் தெரியும். வோல்ட்டை மெதுவா ஏத்துங்க. முதல்ல அகலமா நாலஞ்சு வரி, அப்புறம் நெருங்கி நெருங்கி நூத்துக்கணக்குல ஆகும், மேல விழற பட்டையும் அகலமாகும், ஆனா வரிகளோட கான்ட்ராஸ்ட் மங்கிக்கிட்டே போகும்.

இங்கதான் நீங்க முடிவெடுக்கணும். கடைசியில கிடைக்கிற ரெசல்யூஷன் வரி இடைவெளியோட ரெண்டு மூணு மடங்குதான். ஒரு உதாரணம் பாருங்க, வரி இடைவெளி 3 நானோமீட்டர்னா ரெசல்யூஷன் 6ல இருந்து 9 நானோமீட்டர். ஒரு வரிக்குக் குறைஞ்சது நாலு பிக்சல் வேணும்னு வச்சுக்கிட்டா ஒரு பிக்சல் 0.75 நானோமீட்டர், 2048 பிக்சல் கேமராவுல பார்வை அகலம் ஒன்றரை மைக்ரான். பெரிய பரப்பும் வேணும் நுணுக்கமும் வேணும்னா ரெண்டும் ஒண்ணா கிடைக்காது. காந்தச் சுழல் 100 நானோமீட்டர் அகலம்னா 10 நானோமீட்டர் ரெசல்யூஷனே தாராளம், வீணா வரியை நெருக்கிக் கான்ட்ராஸ்டை இழக்காதீங்க. ஃபேஸ்ல வர்ற இரைச்சல் கான்ட்ராஸ்டுக்கு நேர் தலைகீழ், எலக்ட்ரான் எண்ணிக்கைக்கு அதோட வர்க்கமூலத்துக்குத் தலைகீழ், அதனால கான்ட்ராஸ்டை இரட்டிப்பாக்கினா நாலு மடங்கு எலக்ட்ரான் போட்டதுக்குச் சமம்.

படம் எடுக்கறது

சாம்பிள் படிகம்னா ஒரு அச்சுல நேரா நிக்க விடாதீங்க, ஒரு ரெண்டு டிகிரி சாய்ச்சு டிஃப்ராக்ஷன் கறுப்பெல்லாம் (படிக அடுக்குகள் எலக்ட்ரானைச் சிதறடிக்கிறதால வர்ற கறுப்பு) போற இடமாப் பாத்து நிறுத்துங்க. அந்தக் கறுப்பு இருந்தா ஃபேஸ்லயும் அது வந்து உட்காரும், உள் மின்னழுத்தக் கணக்கு எடுபடாது.

ஒரே நீண்ட எக்ஸ்போஷர் எடுக்கறதை விட சின்னச் சின்னதா இருபது முப்பது எடுத்து பின்னாடி சேர்க்கிறது நல்லது, ஏன்னா சாம்பிளும் நகரும், பைபிரிசம் கம்பியும் நகரும், நீண்ட எக்ஸ்போஷர்ல வரிகள் கரைஞ்சு போயிடும்.

உடனே அடுத்த வேலை, எதையும் தொடாம சாம்பிளை மட்டும் வெளியே நகர்த்திட்டு வெறும் வேக்யூம்ல ஒரு ரெஃபரன்ஸ் ஹாலோகிராம். கேமரா, லென்ஸ், பைபிரிசம் எல்லாத்தோட கோணலும் அதுல இருக்கும், கழிச்சா போயிடும். ஸ்டிக்மேட்டரைத் தொட்டுட்டீங்களா, பீமைக் கொஞ்சம் நகர்த்திட்டீங்களா, பைபிரிசம் வோல்ட் மாத்திட்டீங்களா, ரெஃபரன்ஸும் புதுசா எடுக்கணும்.

கம்ப்யூட்டர்ல

டிஜிட்டல் மைக்ரோகிராஃப்ன்ற சாஃப்ட்வேர்ல ஹாலோவர்க்ஸ்னு ஒரு பிளக்இன் இருக்கு, பைத்தான் தெரிஞ்சவங்களுக்கு ஹைப்பர்ஸ்பை, ஹோலோஸ்பை இலவசமாவே இருக்கு. எதுல செஞ்சாலும் வேலை ஒண்ணுதான். ஹாலோகிராமை ஃபூரியே மாத்துங்க, அதாவது படத்துல எந்தெந்த இடைவெளியில வரி இருக்குன்னு பிரிச்சுக் காட்டுற கணக்கு, நடுவுல ஒரு பொட்டு, ரெண்டு பக்கமும் ஒவ்வொரு பொட்டு வரும். பக்கத்துப் பொட்டு ரெண்டுல ஒண்ணைத் தேர்ந்தெடுத்து சுத்தி ஒரு வட்டம் போட்டு, நடுவுக்கு நகர்த்தி, திருப்பி ஃபூரியே மாத்துங்க. வர்றது முழு அலை, உயரமும் ஃபேஸும் ரெண்டும் இருக்கும். வட்டத்தோட ஆரம் நடுப் பொட்டுக்கும் பக்கப் பொட்டுக்கும் இடையில இருக்கிற தூரத்துல மூணுல ஒரு பங்கு வரைக்கும் போகலாம், ஓரத்தைக் கத்தி மாதிரி வெட்டாம மிருதுவா விடுங்க. கம்பி ஓரத்துல இருந்து வர்ற ஃப்ரெனெல் வரிகள் நடுப் பொட்டுல இருந்து பக்கப் பொட்டு வரைக்கும் ஒரு கீறல் மாதிரி ஓடும், அதைக் கொஞ்சம் மறைச்சு விடலாம், முழுசா மறைச்சா தகவலும் போயிடும்.

ரெண்டு பக்கப் பொட்டுல எதை எடுத்தீங்கன்றத எழுதி வைங்க. மாத்தி எடுத்தா ஃபேஸோட குறி தலைகீழாயிடும், காந்தத் திசையும் தலைகீழாயிடும். எல்லாப் படத்துக்கும் ஒரே பக்கம். வேக்யூம்ல இருந்து சாம்பிளுக்குள்ள போகும்போது ஃபேஸ் ஏறணும், அப்படி ஏறலைன்னா தப்பான பொட்டு.

ஃபேஸ் மைனஸ் பை முதல் பை வரைக்கும்தான் வரும், அதைத் தாண்டினா குதிக்கும், அந்தக் குதியை எல்லாம் சேர்த்துத் தைக்கறதுதான் அன்ராப். துகள் ஓரத்துல ஃபேஸ் செங்குத்தா ஏறுற இடத்துல சாஃப்ட்வேர் தப்பாத் தைக்கும், கண்ணால ஒவ்வொண்ணாப் பாருங்க.

மின்சாரத்தையும் காந்தத்தையும் பிரிக்கறது

இதுக்குத்தான் அந்த வெட்டு அடையாளம். சாம்பிளை வெளியே எடுத்து, தலைகீழாத் திருப்பி வச்சு, அதே இடத்தை மறுபடியும் எடுக்கணும். திருப்பி வச்சா மின்சாரப் பங்கு மாறாது, காந்தப் பங்கோட குறி மாறும். ரெண்டாவது படத்தைக் கண்ணாடிப் பிம்பம் மாதிரி திருப்பி முதல் படத்தோட சரியாப் பொருத்தி வச்சு, கழிச்சு ரெண்டால வகுத்தா காந்தம், கூட்டி ரெண்டால வகுத்தா மின்சாரம். கேட்க லேசா இருக்கும். பொருத்தறதுதான் பாடு, ஒரு பிக்சல் விலகினாலும் துகள் ஓரத்துல போலியா ஒரு வெள்ளை விளிம்பும் கறுப்பு விளிம்பும் வரும், அது காந்தம் மாதிரியே தெரியும்.

ஒரு தடவை நானும் என் கூட வேலை பண்றவரும் ஒரு சங்கிலித் துகளை இப்படி எடுத்தோம். கழிச்ச படத்துல ஒவ்வொரு துகளைச் சுத்தியும் அழகா ஒரு வளையம், சுழல் நிலைன்னு எழுதவே ஆரம்பிச்சாச்சு. ராத்திரி மறுபடியும் ரெண்டு படத்தையும் மாத்தி மாத்தி ஓட்டிப் பாத்தப்போ இடது ஓரத்துத் துகள் ஒண்ணு மட்டும் பிக்சல் பாதி அளவுக்கு ஆடுச்சு. சுழற்சியையும் உருப்பெருக்கத்தையும் சேர்த்துத் திருத்தின பிறகு வளையம் எல்லாம் காணோம், சங்கிலி நெடுக ஒரே திசையில ஓடுற கோடுதான் மிஞ்சுச்சு. அன்னைல இருந்து கழிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு படத்தையும் அம்பது தடவையாவது மாத்தி மாத்தி ஓட்டிப் பாக்கறது பழக்கமாயிடுச்சு.

திருப்பி வைக்க முடியாத சாம்பிள்னா, உள்ளேயே காந்தத்தைத் திருப்புற வழி இருக்கு. 30 டிகிரி சாய்ச்சு ஆப்ஜெக்டிவ் லென்ஸை ஏத்தி சாம்பிளை ஒரு பக்கமா காந்தமாக்கி, லென்ஸை அணைச்சு, சாய்வை நேராக்கி ஹாலோகிராம் எடுங்க, அப்புறம் மைனஸ் 30 டிகிரி சாய்ச்சு அதே மாதிரி. ரெண்டு நிலையும் ஒண்ணுக்கொண்ணு சரியா எதிரா இருந்தாதான் இந்தக் கணக்கு செல்லும். மிருதுவான காந்தப் பொருள்ல ஒவ்வொரு தடவையும் வேற வேற நிலைக்குப் போகும், அதனால பல தடவை திருப்பி எடுத்து ஒத்து வருதான்னு பாருங்க. சூடு பண்ணி கியூரி வெப்பநிலைக்கு மேல கொண்டு போய் காந்தத்தையே அழிச்சு எடுக்கறதும் ஒரு வழிதான், ஆனா சூட்டுல துகள் நகரும், ஒண்ணோட ஒண்ணு ஒட்டும், இரும்புக்கு 770 டிகிரி வேணும், நான் கடைசியா யோசிக்கிற வழி அது.

மின்புலம் மட்டும் வேணும்னா, பி-என் ஜங்ஷன் மாதிரி, வேலை கொஞ்சம் சுலபம். ஒரு வோல்ட் வித்தியாசம் 200 நானோமீட்டர் தடிமன்ல 1.3 ரேடியன் கொடுக்கும், நல்லாவே தெரியும். வெளியில இருந்து வோல்ட் கொடுக்கிற ஹோல்டர் இருந்தா கொடுத்தும் கொடுக்காமலும் எடுத்துக் கழிங்க, தடிமன் தொந்தரவு தானா போயிடும்.

கடைசியில எண்ணைச் சரி பாக்கறது

காந்த ஃபேஸ் படத்துல 2 பை இடைவெளிக்கு ஒரு கோடு போட்டீங்கன்னா, பக்கத்துப் பக்கத்துக் கோடு ரெண்டுக்கும் நடுவுல ஓடுற ஃபிளக்ஸ் 4.14 பெருக்கல் பத்தின் மைனஸ் 15ஆம் அடுக்கு வெபர். எந்த மைக்ரோஸ்கோப், எந்த வோல்ட்டா இருந்தாலும் இது மாறாது. 1 டெஸ்லா பொருள், 50 நானோமீட்டர் தடிமன்னா கோட்டு இடைவெளி 83 நானோமீட்டர் வரணும். பெர்மலாய் (நிக்கலும் இரும்பும் கலந்த உலோகம்) கிட்டத்தட்ட 1 டெஸ்லா, அதனால முதல் சாம்பிளா ஒரு பெர்மலாய் துண்டை எடுத்துக்கோங்க, உங்க ஆராய்ச்சி சாம்பிளை அப்புறம் வைங்க.

இடைவெளி 83க்குப் பதிலா 100, 110ன்னு அகலமா வந்தா முதல்ல தடிமனைத் திரும்ப அளங்க, அதுலதான் பெரும்பாலும் தப்பு இருக்கும். தடிமன் சரின்னா மேலயும் கீழயும் ஆக்சைடு ஆகியோ அயான் பீம் பட்டோ செத்துப் போன அடுக்கு இருக்கான்னு பாருங்க. அதுவும் இல்லைன்னா சாம்பிள்ல இருந்து வெளியே கசியற புலம், அது சாம்பிளுக்கு மேலயும் கீழயும் எதிர்த்திசையில ஓடி உள்ள இருக்கறதைக் குறைச்சுக் காட்டும், போதாக்குறைக்கு நீங்க வேக்யூம்னு நம்பி எடுத்த ரெஃபரன்ஸ் அலையையும் தொட்டிருக்கும். அப்போ சாம்பிளோட வேற ஓரத்துல வேக்யூம் இருக்கிற மாதிரி கிரிட்டைத் திருப்பி வச்சு இன்னொரு ஹாலோகிராம் எடுங்க, ரெண்டுலயும் ஒரே எண்ணு வந்தா ரெஃபரன்ஸ் அலையைக் கசிவு பெருசா தொடலைன்னு வச்சுக்கலாம்.